அடுத்த கட்டில் பாட்டு

ஐப்பசி மழை சன்னல் கம்பிகளில் வரிசையாகத் தொங்கியது. ஒவ்வொரு துளியும் வெளிச்சத்தைச் சற்றே வைத்திருந்தது. பிறகு கைவிட்டது.

மனநல விடுதியின் அந்த அறையில் இரண்டு கட்டில்கள். ஒன்றில் தில்லைநாயகம். அருகே நாற்காலியில் அவர் மனைவி குமுதவல்லி. கோடையில் அவர் பேச்சு நின்றது. மழை வந்தது. பேச்சு வரவில்லை.

அவள் ஏறி இறங்காத கோயில் இல்லை. நாள்தோறும் அவர் நெற்றியில் திருநீறு பூசினாள். சோறு பிசைந்து ஊட்டினாள். அவரை யார் எதைக் கேட்டாலும் அவளே முந்திக்கொண்டு பதில் சொன்னாள். தூக்கமா? தூங்கினார். பசியா? பசிக்கவில்லை.

அடுத்த கட்டில் ஏசுவடியானுடையது. லாரி ஓட்டியவன். காரணமில்லாத அச்சம் அவனை இங்கே கொண்டுவந்து சேர்த்திருந்தது. அந்தி சாயும்போது கண்களை மூடிக்கொண்டு பாடுவான். ‘கூரையில் இறங்கும் ஒளியே, என் குடிசைக்குள்ளும் வா.’

கட்டைக் குரல். ஒருநாள் பாட்டு முடிந்ததும் தில்லைநாயகத்தின் உதடுகள் அசைந்தன.

“இன்னொரு தடவை.”

அவளிடம் இல்லை. அவனிடம்.

அன்றிலிருந்து அவளுக்குள் எரிந்தது. அவன் குரலைக் கேட்டால் எரிந்தது. அவன் சாமியை நினைத்தால் எரிந்தது. விளக்கேற்றிய கை அவளுடையது. வெளிச்சம் விழுந்ததோ அடுத்த கட்டிலில்.

வாரந்தோறும் ஆலோசகர் மெஹருன்னிசா எல்லாரையும் வட்டமாக அமர்த்துவார். நோயைப் பற்றிப் பேசக் கூடாது. பக்கத்தில் இருப்பவரிடம் கண்ட நற்குணம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

“அண்ணாச்சிக்குப் பொறுமை ஜாஸ்தி,” என்றான் ஏசுவடியான். “என் கழுதைக் குரலைக் கேட்டுட்டும் ஓடாம இருக்காவளே!”

“கால்ல செருப்பில்ல. அதான் ஓடல,” என்றாள் குமுதவல்லி.

வட்டம் சிரித்தது. தில்லைநாயகத்தின் கன்னமும் மெல்ல மடிந்தது. அவள் சிரிக்கவில்லை.

“நீங்க உங்க வீட்டுக்காரர்கிட்ட என்ன கண்டீங்கம்மா?” என்று கேட்டார் ஆலோசகர்.

மாத்திரையின் நிறம் தெரியும். வெந்நீரின் பதம் தெரியும். இது தெரியவில்லை. “அவருக்கு இந்த விளையாட்டெல்லாம் பிடிக்காது,” என்றாள்.

“அதை அவரே சொல்லட்டுமே. கொஞ்சம் இடம் விடுங்கம்மா.”

ஏசுவடியான் குணமாகி வீட்டுக்குப் புறப்பட்டான். அவள் காத்திருந்த நாள்.

“வாரேன் மதினி.”

“மகராசனாப் போ.” மனத்துக்குள் கொட்டுமேளம்.

அந்தி வந்தது. பாட்டு வரவில்லை. தில்லைநாயகம் காலிக் கட்டிலையே பார்த்திருந்தார். ஊட்டிய சோற்றைத் தொடவில்லை. மறுநாளும் தொடவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

இப்போது அவர் அவளுக்கு மட்டுமே. ஆனால் அவளுக்குக் கிடைத்தது அவர் முதுகு.

அவள் தொலைபேசியை எடுத்தாள். வெட்கத்தை ஒதுக்கிவிட்டு ஏசுவடியானை அழைத்தாள்.

“தம்பி, அந்தப் பாட்டை எனக்குச் சொல்லித் தருவியா?”

“மதினியா கேக்கிய? உங்க முருகன் கோவிச்சுக்க மாட்டாரா?”

“அவரை நான் பாத்துக்கிடுதேன். நீ பாடு.”

மழை ஓய்ந்த அந்தி. ஈரச் சுவரில் மஞ்சள் வெயில். அந்த முதுகைப் பார்த்து அவள் பாடினாள். குரல் உடைந்தது. பாட்டின் அடி முடிந்தது. நன்றாயிருக்கிறதா என்று கேட்டு, இல்லை என்று தானே சொல்லிக்கொள்ள நாக்கு எழுந்தது. பல்லைக் கடித்து அடக்கினாள்.

அமைதி. நீண்ட அமைதி. அதற்குள் அவள் கால் வைக்கவில்லை.

முதுகு அசைந்தது. அவர் திரும்பினார்.

“குடிசைங்கிற இடத்துல இழுக்கணும், குமுதம்,” என்றார். “அவன் அப்படித்தான் இழுப்பான்.”

அவன். அப்போதும் எரிந்தது. எரிய விட்டபடியே, அவள் இழுத்துப் பாடினாள்.