மெம்பர் வீட்டுப் பிள்ளை

இராசையா ஐயா விடியற்காலையில் செத்துப்போனார். பூனாகலைப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் செங்கொடியை முதலில் தூக்கியவர் அவர்தான். என் வீட்டுக்காரர் சிவராசா இன்றைக்குப் பிரதேச சபையில் மெம்பராக இருக்கிறார் என்றால், அந்த மனுஷன் மழையென்றும் பனியென்றும் பார்க்காமல் லயத்து வீடு வீடாக ஏறி இறங்கி ஓட்டுக் கேட்டதால்தான். செய்தி கேட்டதும் நானும் வாய்விட்டு அழுதேன்.

அழுது முடிப்பதற்குள் அவருடைய மகன் தயாபரன் எங்கள் வாசலில் நின்றான். கட்சிக் கிளையின் செயலாளர் அவன். கூட நான்கு பேர். எல்லாரும் தேர்தலில் சிவப்புச் சட்டை போட்டு எங்களுக்காக அலைந்தவர்கள்.

“உள்ள வாங்க தம்பி,” என்றேன்.

“இருக்கட்டும்க்கா. சாவு வீட்டு ஆளுக.”

சாவு இல்லாத நாளிலும் அவர்கள் உள்ளே வந்ததில்லை. தேர்தல் நேரத்தில் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து நான் ஊற்றிய தேத்தண்ணீரைக் குடித்தார்கள். காகிதக் கப்பை அவர்களே வாங்கிக்கொண்டு வந்தார்கள். கழுவுகிற வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்ட மக்கு நான். எங்கள் வீட்டுச் சில்வர் டம்ளரில் வாய் வைத்துக் குடித்தவர் இராசையா ஐயா ஒருவர்தான்.

தயாபரன் என் வீட்டுக்காரரைப் பார்த்தான். “மெம்பர், தப்புக்கு ஆள் வேணும்.”

இந்தத் தோட்டத்தில் யார் செத்தாலும் தப்படித்துப் பிணத்துக்கு முன்னால் போனவர்கள் எங்கள் வீட்டு ஆண்கள். அந்தத் தோல் மேளம் கையில் இருக்கிறவரை எங்களுக்குப் பெயர் கிடையாது, ‘டேய்’ மட்டும்தான். எங்களோடு அடித்த மற்றவர்கள் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். இவர் தேர்தலில் நின்ற அன்று தப்பைப் பரணில் போட்டார். கட்சி நாட்டுக்கு என்ன செய்தாலும் செய்யட்டும், என் மகன் பார்த்தீபன் கையில் அது வரக்கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

“அப்பா கடைசியா கேட்டது அதுதான் மெம்பர். ‘நம்ம சிவராசா வீட்டுத் தப்புச் சத்தத்தோடதான் நான் போகணும்’னு சொன்னாரு. உங்க மேல அம்புட்டுப் பாசம்.”

பாசம்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதட்டிக் கேட்டிருந்தால் நான் திட்டி அனுப்பியிருப்பேன்.

என் வீட்டுக்காரர் பரணைப் பார்த்தார். “சரி, நான் வர்றேன்,” என்றார்.

வந்தவர்கள் பதறிப்போனார்கள். “நீங்க அடிக்கிறதா? கட்சி மரியாத என்னாகிறது?” என்றான் தயாபரன். “பதுளையில இருந்து பெரிய தோழர்மாரெல்லாம் வர்றாங்க. நீங்க மைக்குல பேசணும் மெம்பர். பார்த்தீபன அனுப்புங்க, போதும்.”

“அவன் ஏ.எல். பரீட்ச எழுதிட்டு ரிசல்ட்டுக்கு நிக்கிற பிள்ள தம்பி. தப்பத் தொட்டதே இல்ல,” என்றேன்.

“நானும்தான்க்கா ஏ.எல். எழுதினேன். இன்னைக்கு அப்பாவுக்குக் கொள்ளிக்குடம் தூக்கப்போறேன். அவங்கவங்க செய்ய வேண்டியத அவங்கவங்க செய்யிறோம். இதுல என்ன குறைச்சல்?”

எல்லாரும் சமம் என்று மேடையில் தொண்டை கிழியக் கத்தியவர்கள் இவர்கள்தான். அது பொய்யில்லை. தோட்டத் துரைமார் தங்களைச் சமமாக நடத்த வேண்டும் என்று மனதாரக் கத்தினார்கள். தங்களுக்குக் கீழே யாரையாவது வைத்திருக்கிறோமா என்று குனிந்து பார்க்க மட்டும் அவர்களுக்குத் தோன்றவேயில்லை.

உள்ளேயிருந்து வந்த பார்த்தீபன் தகப்பனைப் பார்த்தான். “நீங்க சொல்லுங்கப்பா.”

மாட்டோம் என்றால் தப்புச் சத்தமில்லாமல் பிணத்தைத் தூக்க மாட்டார்கள், வாசலிலேயே கிடக்கும். அது எங்கள் டம்ளரில் குடித்த மனுஷனுடைய பிணம். இவர்கள் ஓட்டுப் போனால் மெம்பர் பதவியும் போகும், மறுபடியும் ‘டேய்’. இத்தனையும் அவர் முகத்தில் தெரிந்தது. பார்த்தீபனே ஸ்டூல் போட்டு ஏறித் தப்பை இறக்கினான்.

மத்தியானம் சாவு வீட்டு வாசலில் தப்பைக் காய்ச்சத் தீ மூட்டினார்கள். தோல் சூடேறினால்தான் சத்தம் கேட்கும். ஈர விறகு பிடிக்காததால், மிச்சமிருந்த தேர்தல் நோட்டீசுகளை உள்ளே சொருகினார்கள். என் வீட்டுக்காரரின் சிரித்த முகம் கட்டுக்கட்டாக எரிந்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, கையில் கிடைத்த காகிதம் அதுதான்.

அவர் வெள்ளைச் சட்டையில் மைக்கைப் பிடித்தார். “தோழர் இராசையா சாதி பார்க்காத மனுஷர்,” என்றார். நிமிர்ந்தபோது எதிரே தீயோரத்தில் மகன் தப்போடு நிற்பது தெரிந்தது. குரல் உடைந்துபோய் மேலே பேச முடியாமல் நின்றார். செத்தவருக்காக அழுகிறார் என்று நினைத்துக் கூட்டமே கண்ணைத் துடைத்தது.

தயாபரன் கையைக் காட்டினான். “ம், அடி தம்பி.”

என் பிள்ளை அடிக்க ஆரம்பித்தான். கை தடுமாறியது, அடி ஒன்றோடொன்று சேரவில்லை. நான் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டேன். பக்கத்தில் நின்ற தயாபரன் பெண்சாதி விஜயலெட்சுமி என் தோளில் கையை வைத்தாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னைத் தொட்டது அன்றைக்குத்தான்.

“மனச விடாதீங்கக்கா,” என்றாள் இரக்கத்தோடு. “மொதத் தடவைதானே. அடுத்த சாவுக்குள்ள பழகிரும்.”