ஒரு முழ மரத்தின் நிழல்

பல்செட்டுக்காரர் வளர்த்த மரம் ஒரு முழ உயரம்கூட இல்லை. அதன் நிழல் அவர் வீட்டையும், பக்கத்திலேயே இருந்த தம்பி வீட்டையும், எதிர்ச்சாரியில் வரிசையாக இருந்த கடைகளையும் மூடிக் கிடந்தது. வெயில் காலத்தில் கடைக்காரர்கள் அதற்காகவே அவரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். சலவைக்கடைக்காரர் மட்டும் துணி காயவில்லை என்று முனகினார். மற்றபடி யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தெருமுனையில் பேருந்து நிற்பதில்லை என்பதுதான் அப்போது அங்கே பெரிய பேச்சாக இருந்தது.

பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளைப் பார்த்துப் பல்செட் செய்வதும், கோணல் பல்லுக்குக் கம்பி வளைப்பதும் அவர் தொழில். வீட்டின் முன்னறைதான் பட்டறை. கைசுத்தமான வேலைக்காரர் என்று பெயர். ஆனால் அந்த வேலையில் ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. நன்றாகச் செய்தால் அது யார் கண்ணுக்கும் படாது. கண்ணில் பட்டால் சரியாகச் செய்யவில்லை என்று அர்த்தம். ஊரில் பாதிப்பேர் அவர் செய்த பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு போனார்கள், ஒருத்தரும் அவரைத் திரும்பிப் பார்த்ததில்லை. நாலு பேர் நின்று பார்க்கிற மாதிரி ஒன்றே ஒன்றாவது செய்துவிட வேண்டும் என்று அவருக்கு மனசுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. தொட்டிக்குள்ளேயே குட்டையாக வளர்க்கிற போன்சாய் மரத்தின் படத்தைப் பார்த்த அன்று அந்த அரிப்புக்கு மருந்து கிடைத்துவிட்டதாக நினைத்தார்.

நர்சரியில் முன்வரிசையில் பளபளவென்று நின்ற கன்றுகளை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராகப் பின்பக்கம் போய், விற்காமல் தேங்கிக் கிடந்த பைகளுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து, ஒவ்வொன்றின் மண்ணையும் விரலால் விலக்கி அடித்தண்டைத் தடவிப் பார்த்தார். மேலே எப்படி இருந்தாலும் வெட்டித் தள்ளிவிடலாம். அடி பருத்து, வேர் நாலாபக்கமும் விரிந்திருக்க வேண்டும், அதுதான் கணக்கு. அப்படி அகப்பட்டது ஓர் அத்தி வகை மரம். பல வருஷமாக ஒரே பையில் நின்று வேர்கள் வட்டம் வட்டமாகச் சுருண்டு, பையைக் கிழித்துத் தரைக்குள் இறங்கியிருந்தன. நர்சரிக்காரி அதைக் கடப்பாறையால் நெம்பித்தான் எடுத்துக் கொடுத்தாள்.

“இதுவா சார் வேணும்? இது தோட்டத்துல நட வேண்டியது. நட்டிருந்தா இந்நேரம் ரெண்டு மாடி உயரம் போயிருக்கும்.”

“அதான் போகலையே.”

“போகலன்னா விட்ருமா? வளர வேண்டியது எங்கயாவது வளர்ந்துதான சார் ஆகணும்” என்று சொல்லிவிட்டு அவள் மற்ற பைகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டாள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் கவனமெல்லாம் அடித்தண்டில் இருந்தது.

இந்த வகை மரத்துக்கு முகம் உண்டு. எந்தப் பக்கம் நின்று பார்த்தால் தண்டின் வளைவும் வேரின் விரிப்பும் ஒன்றுசேர்ந்து அழகாகத் தெரிகிறதோ அதுதான் முன்பக்கம். அதைத் தீர்மானித்துவிட்டால் மற்றதெல்லாம் அதற்கு அடங்கித்தான் நடக்க வேண்டும். பல்செட்டுக்காரர் மரத்தை மேசைமேல் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்துச் சோற்றைக்கூட மறந்தார். முன்பக்கம் முடிவானதும் ரம்பத்தை எடுத்து மேல்பாதியை அறுத்துத் தள்ளினார். வெட்டுவாயில், பல்செட்டில் ஈறு செய்ய வைத்திருந்த இளஞ்சிவப்பு மெழுகை உருக்கிப் பூசினார். இருந்த கிளைகளுக்குக் கம்பி சுற்றிக் கொறடால் நெளித்துக் கீழே தணித்தார். கம்பி வேலையில் அவரை யாரும் அசைக்க முடியாது. சுற்றுக்குச் சுற்று இடைவெளி மாறாது.

அன்றைக்குத்தான் நிழல் வந்தது. முதலில் அது பட்டறையின் ஜன்னலைத் தாண்டவில்லை. ஒரு கொழுந்தைக் கிள்ளினால் நிழலில் ஒரு கிளை நீண்டது, ஒரு கிளையை வெட்டினால் அடுத்த வீட்டுக் கூரை இருட்டியது. மரத்துக்கு மறுத்ததெல்லாம் நிழலுக்குப் போய்ச் சேர்ந்தது. முதலில் கண்டுபிடித்தவள் அவர் மனைவிதான். “நீங்க அங்க கிள்ள கிள்ள இங்க இருட்டுதுங்க. கொஞ்சம் சும்மாதான் இருங்களேன்” என்றாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இன்னொரு கொழுந்தைக் கிள்ளினார். தட்டையான தொட்டிக்கு மாற்றுவதற்காக வேரைக் கழித்த வருஷம் நிழலுக்கும் வேர் வந்துவிட்டது. அது தம்பி வீட்டு நிலைப்படிக்கு அடியில் நுழைந்து தரையில் பரவியது. அதற்குப் பிறகு நிழல் சூரியனோடு நகர்வதை விட்டுவிட்டது. காலையிலும் மாலையிலும் ஒரே இடத்தில் கிடந்தது. வீட்டுக்கு ஆட்கள் வந்து மரத்தைப் பார்த்து வாயடைத்து நின்றார்கள். அவருக்கு அது போதுமாக இருந்தது.

தம்பிக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்து ஒரு பெண்குழந்தை பிறந்தது. இரண்டு வீட்டுக்கும் சேர்த்து அது ஒன்றுதான் குழந்தை. மரத்தின் கீழ்க்கிளையின் நிழல் நேராக அதன் தொட்டில்மேல் விழுந்தது. குழந்தை வெளிறிப்போய் இருந்தது, அழவும் தெம்பில்லை. பிறந்தபோது வாங்கிய சட்டை ஒரு வருஷம் கழித்தும் தொளதொளவென்று இருந்தது. தொட்டிலை எந்த அறைக்கு மாற்றினாலும் மறுநாள் நிழல் அங்கே வந்து படுத்துக்கொண்டது. வெயில் படவேண்டும் என்றார் டாக்டர். மடியில் போட்டு ஊருக்கு வெளியே கொண்டுபோனார்கள். நிழல் பேருந்துக்குள்ளும் கூடவே வந்தது.

தம்பி அண்ணனிடம் எதையும் வாய்விட்டுக் கேட்டுப் பழக்கமில்லாதவன். பட்டறை வாசலில் நின்று, “அண்ணே, அந்தக் கீழ்க்கிளை மட்டும்...” என்று இழுத்தான். பல்செட்டுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே கத்தரியை எடுத்து அந்தக் கிளையைப் பாதியாகக் குறைத்தார். மரம் வளர்ப்பவன் கைக்கு வேறென்ன தெரியும்? மறுநாள் தொட்டில் இருந்த அறையில் பகலிலும் விளக்குப் போட வேண்டியதாயிற்று.

அடுத்த தடவை தம்பி வந்தபோது அவன் குரல் பழைய மாதிரி இல்லை. “தொட்டியத் திருப்பியாவது வைண்ணே.”

“முன்பக்கம்னு ஒண்ணு இருக்குடா. திருப்பினா அது மரமே இல்ல.”

“எம் பொண்ணுக்கு முன்பக்கம் பின்பக்கம் ஒண்ணும் வேணாம்ணே. உசிரோட இருந்தா போதும்.”

அவர் தொட்டியைத் திருப்பி வைத்தார். நிழல் திரும்பவில்லை. கீழ்க்கிளை இப்போது சுவர்ப்பக்கம் போய்விட்டது. முகம் மறைந்த மரத்தைப் பார்க்கப் பிடிக்காமல் அவர் பட்டறையில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்தது. மரங்களெல்லாம் தண்டு பருக்கும் பருவம். அப்போது கம்பியைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். விட்டால் பட்டையைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விடும். புதிதாகப் பழகுகிறவன்கூட அதை மறக்கமாட்டான். சுவர்ப்பக்கக் கிளையை அவர் மறந்தார்.

மழை முடிந்த ஒரு மத்தியானம் தம்பி மனைவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பட்டறைக்குள் வந்தாள். “மாமா, சண்டையெல்லாம் அப்புறம். இது என்ன கடின்னு பாருங்களேன். டாக்டருக்கும் சொல்லத் தெரியல.” குழந்தையின் இடது கையில் மணிக்கட்டிலிருந்து தோள்வரை ஒரு பள்ளம் சுற்றிச் சுற்றி ஏறியிருந்தது. சதை இருபுறமும் புடைத்திருந்தது. சுற்றுக்குச் சுற்று இடைவெளி மாறவில்லை. அவர் கைவேலை அவருக்குத் தெரியாமல் போகுமா? எழுந்துபோய்த் தொட்டியைச் சுவரிலிருந்து இழுத்து, கொறடை எடுத்தார். பிரித்து எடுத்தால் பட்டை உரிந்து வந்துவிடும், ஒவ்வொரு சுற்றாக நறுக்கித்தான் எடுக்க வேண்டும். ஒவ்வொரு நறுக்குக்கும் குழந்தை வீறிட்டது. பிறந்ததிலிருந்து அது அப்படி வாய்விட்டு அழுததில்லை. தாய் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “எடுங்க மாமா, நிறுத்தாதீங்க” என்று தானும் அழுதாள்.

கம்பி போய்விட்டது, நிழல் போகவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வளர வேண்டியது எங்கேயாவது வளர்ந்துதான் ஆகும் என்று நர்சரிக்காரி சொன்னதும் இப்போதுதான் மண்டையில் ஏறியது. தன் வாழ்நாளில் நாலு பேர் பார்க்கச் செய்த ஒரே பொருள் அதுதான் என்பதால், தொட்டியைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். வெட்கக்கேடுதான், ஆனால் அந்த நேரத்திலும் அவருக்குக் குழந்தையைவிட மரம்தான் பாவமாகத் தெரிந்தது. மனைவி வெளியே போய், மண்வெட்டியின் சத்தம் அவருக்குக் கேட்கும்படி குழி தோண்ட ஆரம்பித்தாள். “வீடு போகும், தெரியுமில்ல?” என்றார். “போகட்டும். கொண்டாங்க” என்றாள். இரண்டு வீட்டுக்கும் இடையிலிருந்த சந்தில் மரத்தை நட்டார்கள்.

அதற்கு ஏகப்பட்ட பாக்கி இருந்தது. மறுநாள் காலைக்குள் கூரையைத் தொட்டது. மரம் ஏற ஏற நிழல் சுருங்கியது. முதலில் கடைகளுக்கு வெயில் வந்தது, பிறகு நிலைப்படிக்கு, கடைசியில் தொட்டிலுக்கு. குழந்தை கை கால் உதைத்துச் சிரித்தது. வேர்கள் பட்டறையைப் பிளந்தன. பிறகு படுக்கையறைச் சுவர் சாய்ந்தது. பல்செட்டுக்காரரும் மனைவியும் தம்பி வீட்டுப் பின்னறைக்குக் குடிவந்து, பல்செட் வேலை அங்கே நடந்தது. சில வருஷத்தில் மரம் தெருவையே அடைத்துக்கொண்டு நின்றது. அதன்கீழ் கொளுத்துகிற வெயில், ஏனென்றால் நிழல் வேரடியில் ஒரு சாண் அளவுக்கு ஒடுங்கிவிட்டது. அந்த ஒரு சாண் நிழல், அவர் நினைத்த வளைவு, நினைத்த கிளை, நினைத்த முகம் எல்லாம் பிசகாமல் இருந்தது. அவர் அந்தப் பக்கம் போவதையே தவிர்த்தார்.

குழந்தைக்கு ஏழு வயதானது. நல்ல வளர்த்தி. இடது கை மட்டும் முழங்கைக்கு மேல் மெதுவாக வளைந்து இறங்கும். பார்ப்பவர்கள் அழகாக இருக்கிறது என்றார்கள். ஒரு சாயங்காலம் அவர் அவளைக் கூப்பிடப் போனபோது, அவள் நிழலின் எதிரே குந்தி உட்கார்ந்து, தலையை அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளுக்கு எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை.

“பெரியப்பா, இது வேண்டாம்ல?” என்று கேட்டு, அவர் வாயைத் திறப்பதற்குள் நிழலில் ஒரு குச்சியை நகத்தால் கிள்ளினாள்.

மேலே இடுப்புப் பருமனுள்ள ஒரு கிளை முறிந்து சலவைக்கடையின் கூரைமேல் விழுந்தது. உள்ளே யாரும் இல்லை. மறுநாள் முதல் அந்தத் தெருவில் போகிறவர்கள், பாப்பா விளையாட வந்துவிட்டாளா என்று கேட்டுக்கொண்டு போகப் பழகினார்கள். வந்துவிட்டாள் என்றால் சுற்றிப் போனார்கள்.

ஆனால் அந்தச் சாயங்காலம், ஜனங்கள் கூச்சல்போட்டு ஓடிவருவதற்கு முன், பல்செட்டுக்காரர் அண்ணாந்து பார்த்தார். கண்டிக்க வேண்டும் என்றுதான் நினைத்தார். அவள் கிள்ளிய இடத்தில் வானம் தெரிந்தது, மரத்தின் வளைவு அப்போதுதான் எடுப்பாக வந்திருந்தது. சரியான கிளையைத்தான் எடுத்திருந்தாள். அடுத்தது எது என்பதும் அவருக்குத் தெரிந்தது, அவள் விரலும் அதை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது.