பண்ணை மீனைத் தொடாதவர்

வீட்டைப் பூட்டும்போதே என் மகள் சொல்லிவிட்டாள். "அம்மா, உனக்குப் புண்ணியமாப் போகும். அங்க மீனைப் பத்திப் பேச்சு வந்தா வாயைத் திறக்காதே."

"நான் என்னடி பேசப் போறேன்?"

"பேசுவே. எனக்குத் தெரியாதா உன்னை?"

மூன்று வருஷமாக அவள் மனசில் வைத்திருக்கும் பையனின் வீட்டுக்குக் கிளம்பியிருந்தோம். அவன் அப்பா சரியென்று ஒரு வார்த்தை சொன்னால் கல்யாணம், முகம் சுளித்தால் அவ்வளவுதான். அப்பாவைக் கேட்காமல் அவன் செருப்புக்கூட வாங்க மாட்டானாம். அதை ஏதோ பெரிய குணம் மாதிரிச் சொன்னாள். பல்லைக் கடித்துக்கொண்டேன். தகப்பன் இல்லாமல் வளர்ந்த பெண், இதுவரை ஆசைப்பட்டுக் கேட்டது இந்த ஒன்றைத்தான்.

நான் வேலை பார்ப்பது அரசாங்க மீன் பண்ணையில். ட்ரவுட் என்கிற மலை ஏரி மீனின் முட்டையைப் பொரிக்க வைத்து, குஞ்சை வளர்த்து, ஒரு சாண் நீளம் வந்ததும் லாரித் தொட்டியில் ஏற்றி ஏரியில் விடுவோம். தூண்டில் போடுகிற கனவான்கள் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்து அதைப் பிடித்து, புலியை அடித்த மாதிரிப் படம் எடுத்துக்கொள்வார்கள். என்னத்தைச் சொல்ல! அந்த மீனுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது. மனுஷ நிழல் விழுந்தால் பின்னாடியே தீவனம் விழும், அவ்வளவுதான் அது கண்ட உலகம். ஆள் வந்து நின்றால் வாயைப் பிளந்துகொண்டு ஓடிவரும். இதையெல்லாம் மகள் அந்த வீட்டில் சொல்லவில்லை. 'அம்மாவுக்கு அரசாங்க உத்தியோகம்' என்று மட்டும் சொல்லியிருந்தாள். ஃபேனுக்கடியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவள் என்று அவர்களே நினைத்துக்கொண்டார்கள்.

சம்பந்தியாக வரப்போகிறவரின் கூடத்தில் நாற்காலியைவிடத் தூண்டில்தான் அதிகம். உடம்பெல்லாம் பாக்கெட் வைத்த சட்டை, வீட்டுக்குள்ளேயே தொப்பி. சுவரின் நடுவில் பாடம்பண்ணிப் பலகையில் அடித்த பெரிய ட்ரவுட் ஒன்று.

"ஒன்னரை மணி நேரம், சம்பந்தியம்மா! என்னோட மல்லுக்கட்டிச்சு. ஏரியிலயே பொறந்து வளர்ந்த மீன். பண்ணை மீனை நான் கையால தொடறதில்ல. எல்லாம் சப்பை. அதுக்கு ரோஷமே கிடையாது."

நிமிர்ந்து பார்த்தேன். கீழ்த்தாடை இடப்பக்கம் கோணியிருந்தது. சிமெண்டுத் தொட்டியில் உரசி உரசித் துடுப்பெல்லாம் மழுங்கியிருந்தது. அடிப்பாவி! இது எங்கள் கோணவாயி. தாய்மீன் தொட்டியில் வருஷா வருஷம் முட்டை கொடுத்து ஓய்ந்து, இனி உதவாது என்று ஏரிக்கு அனுப்பிய கிழவி. அந்தக் கோணல் வாயால் மற்றதுகளோடு முண்டியடிக்க முடியாது என்று, நான் உள்ளங்கையில் தீவனம் வைத்து ஊட்டியவள். இவரோடு மல்லுக்கட்டினாளாம்! தூண்டிலைப் பார்த்ததும் கும்பிடு போட்டிருப்பாள்.

மகள் என் காலை மிதித்தாள்.

"ரொம்பப் பெரிசா இருக்குங்க," என்றேன்.

"பெரிசா? ராட்சசி!" என்றார். பையன் பின்னால் நின்று தலையாட்டினான்.

"கல்யாணப் பேச்சை ஏரிக்கரையில வச்சுக்கலாம்," என்று எழுந்தார். "மனுஷன் குணம் தண்ணிப் பக்கத்துலதான் தெரியும்."

முந்தாநாள்தான் அந்த ஏரியில் எங்கள் லாரி மீன் கொட்டிவிட்டு வந்திருந்தது. மகளைப் பார்த்தேன். அவள் கண்ணாலேயே கெஞ்சினாள்.

கரையில் ஒரு புதருக்குப் பின்னால் எங்களைக் குந்த வைத்தார். "மூச்! நிழல்கூடத் தண்ணியில விழக் கூடாது. பார்த்துச்சுன்னா ஒரே பாய்ச்சல்ல ஓடிடும்," என்று கிசுகிசுத்தார். பையன் கைவலையோடு பக்கத்தில் பதுங்கினான். வெயில் உச்சிக்கு ஏறியது. ஒன்றும் கடிக்கவில்லை. எப்படிக் கடிக்கும்? ஆளைக் கண்டால் ஓடிவருகிற மீனிடம் இத்தனை வருஷமாக ஒளிந்து விளையாடியிருக்கிறார் மகானுபாவர்.

எனக்கு முட்டி விட்டுப்போனது. காலை நீட்டலாம் என்று எழுந்து தண்ணீரோரம் போய் நின்றேன். அவ்வளவுதான், தண்ணீர் கொதித்தது. ஏரியில் இருந்தது பூராவும் என் காலடிக்கு வந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறி வாயைப் பிளந்தது. மழுங்கிய துடுப்பு அத்தனையும் வெயிலில் நன்றாகத் தெரிந்தது.

அவர் பார்த்தார். எதைப் பார்க்கிறோம் என்று அவருக்குப் புரிந்தும்விட்டது, முகத்திலேயே தெரிந்தது. வெட்கப்படுவார் என்று நினைத்த என்னைச் சொல்ல வேண்டும். மனிதர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, தூண்டிலைக் கொண்டுவந்து என் காலடியில் போட்டார். ஒன்று வந்தது. இன்னொன்று வந்தது. பையன் ஓடி ஓடி வலையில் அள்ளினான்.

"அத்தை, ரெண்டடி முன்னால வாங்க. அப்படியே ஆடாம நில்லுங்க!"

"ராசிக்காரம்மா நீங்க!" என்றார் அவர். "வாராவாரம் வந்துடணும். கல்யாணம் முடிஞ்ச மாதிரிதான், போங்க!"

வந்துவிட்டது, என் மகள் காத்திருந்த வார்த்தை. என்னை நம்பி வந்தவற்றை என் கண்ணெதிரே ஒவ்வொன்றாகத் தூக்கத் தூக்க, அவளுக்காக ஆடாமல் நின்றேன்.

மகள் வலையைப் பார்த்தாள். அப்புறம் அவனைப் பார்த்தாள்.

"அம்மா," என்றாள். "வாயைத் திற."

திறந்தேன். "சம்பந்தி, இது பூராவும் நீங்க கையால தொடாத பண்ணை மீன். முந்தாநாள் நான்தான் லாரியில ஏத்தினேன். உங்க சுவத்துல தொங்கறாளே ராட்சசி, அவ பேரு கோணவாயி. என் கையில வாங்கித் தின்ன கிழவி. ஒன்னரை மணி நேரமாம்! ஒன்னரை நிமிஷம் தாங்கியிருக்க மாட்டா. ரோஷம் இல்லாதது மீனுக்கா, உங்களுக்கா?"

அவர் முகம் கறுத்தது. "வண்டியில ஏறுடா," என்றார் மகனிடம்.

அவன் வலையில் ஒரு மீன் துள்ளிக்கொண்டிருந்தது. "அதையாவது தண்ணியில விடு," என்றாள் என் மகள். அவன் அப்பாவைப் பார்த்தான். வலையோடு போய் வண்டியில் ஏறினான்.

வண்டி போன தூசு அடங்கியது. "இதுக்காம்மா மூணு வருஷம்?" என்று கேட்டுவிட்டு மகள் அழுதாள்.

"விடுடி. சனியன் தொலைஞ்சது," என்றேன்.

மீன்கள் இன்னும் என் காலடியைவிட்டு நகரவில்லை. எதிர்க்கரையில் வேறொரு தொப்பி இதைப் பார்த்துவிட்டு, தூண்டில் பையைத் தூக்கிக்கொண்டு எங்களை நோக்கி வந்தது.

"பாவம்மா அதுங்க. விரட்டிவிடு," என்றாள்.

கைநிறையக் கூழாங்கல்லை அள்ளி, "போய்த் தொலைங்களேன், முட்டாள் ஜென்மங்களா!" என்று வீசினேன். கல் விழுந்த இடத்துக்கெல்லாம் வாயைத் திறந்துகொண்டு ஓடின.