மூக்கில்லாத புத்தரும் ரோஜா நிற உள்பாவாடையும்

"குடி" என்றாள் குவாக் அம்மாள்.

ஓக்ரான் கிண்ணத்தைப் பார்த்தாள். அரிசிக் கள் வெள்ளையாக இருக்க வேண்டியது, சாம்பல் நிறத்தில் இருந்தது. அடியில் மணல் மாதிரி ஏதோ படிந்து கிடந்தது.

"அத்தை, போன தடவ குடிச்சதுக்கே ரெண்டு நாளு பல்லு கரகரன்னு இருந்துச்சு."

"பல்லுக்கா குடிக்கச் சொல்றேன்? வயித்துக்குத்தான? இந்தப் பனியில, இந்த முட்டிய வச்சிக்கிட்டு மலையேறி, ஆணியால சொரண்டி எடுத்தாந்திருக்கேன். அந்தப் புத்தரே பேசாம குடுத்தாரு. குடிக்கிறவ உனக்கு என்னம்மா நோவுது?"

"இன்னொரு தடவ வயித்தக் கிழிச்சா உயிருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நீங்களும்தான பக்கத்துல இருந்தீங்க."

"அந்த டாக்டருக்கு எத்தன ஆம்பளப் பசங்க?"

"ரெண்டு பேருன்னு சொன்னாங்க."

"பாத்தியா? அவரு சொல்லத்தான் செய்வாரு."

குட்டை மேசையின் மறுபக்கத்தில் ஒரு செய்தித்தாள் விரிந்திருந்தது. அதற்குப் பின்னால் ஓக்ரானின் கணவர் டோ சாங்பில் இருந்தார். செய்தித்தாள், மூத்த மகள் பேரால் மனைவியை அழைத்துப் பேசியது.

"குடிச்சிடேன், யுன்ஜி அம்மா. பெரியவங்க மனசு நோகக் கூடாது."

ஓக்ரான் குடித்தாள். பெரியவர்கள் மனசு நோகவில்லை. மற்ற இடங்களில் எங்கெங்கே நொந்தது என்று அந்த வீட்டில் கேட்கும் வழக்கம் இல்லை.

தேகு ஊருக்கு மேற்கே உள்ள மலையில் அந்தக் கல் புத்தர் உட்கார்ந்திருக்கிறார். அவர் மூக்கைச் சுரண்டிக் குடித்தால் ஆண் பிள்ளை பிறக்கும். இதைப் புத்தர் சொன்னதாகத் தெரியவில்லை. மூக்கு போன பிறகு மறுத்துப் பேசவும் அவருக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது. தலைமுறை தலைமுறையாகச் சுரண்டியதில் அவர் முகம் வறட்டி மாதிரித் தட்டையாகிவிட்டது. ஊர்ப் பெரியவர்கள் பார்த்துப் பதறி, சிமெண்டில் ஒரு மூக்கு வைத்தார்கள். அதையும் சுரண்டினார்கள். மறுபடியும் வைத்தார்கள். இப்படியாக தேகு பெண்கள் வயிற்றுக்குள் போன சிமெண்டைச் சேர்த்தால் மாடியோடு ஒரு வீடு கட்டலாம். கட்டியிருந்தால் அதை மூத்த மகன் பேரில்தான் எழுதியிருப்பார்கள்.

குவாக் அம்மாள் புத்தரை மட்டும் நம்பி இருக்கவில்லை. சந்தையில் மாவு மில் வைத்திருக்கும் பியோ அம்மாளிடம் போய், அவள் உடுத்திய உள்பாவாடை ஒன்றைக் கெஞ்சி வாங்கி வந்திருந்தாள். பியோ அம்மாள் ஐந்து ஆண் பிள்ளை பெற்றவள். அவள் உடுத்தியதை உடுத்தினால் ராசி ஒட்டிக்கொள்ளும். ரோஜா நிறம், இடுப்போரத்தில் பூ வேலை. அதற்குள் இரண்டு ஓக்ரான்கள் தாராளமாகக் குடியிருக்கலாம். அதைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் அவள் வருஷக்கணக்காக அந்த வீட்டில் நடமாடினாள். பியோ அம்மாளின் ஐந்து பேரில் ஒருவன்கூட ஊரில் இல்லை, மில்லில் மாவு மூட்டையை அந்த அம்மாளே முதுகில் தூக்குகிறாள் என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ராசி வேறு, மூட்டை வேறு.

இத்தனைக்கும் வீட்டில் இரண்டு குழந்தைகள் இருந்தார்கள். மூத்தவள் யுன்ஜி. இளையவள் பிறந்தபோது, குவாக் அம்மாள் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே பேர் வைத்துவிட்டாள்: ஹூநாம். ‘பின்னால் ஆண்’ என்று அர்த்தம். அந்தக் குழந்தை குழந்தையாகப் பிறக்கவில்லை, வரப்போகிறவனுக்கு அறிவிப்புப் பலகையாகப் பிறந்தது. பள்ளிக்கூடத்தில் எந்தப் பையன் அவளுக்குப் பின்னால் நடந்தாலும், "ஏய் ஹூநாம், உன் தம்பி வந்துட்டான்டி!" என்று கூட்டமாகக் கத்துவார்கள். ஆண் பிள்ளை பிறந்தால் வாசலில் கட்டுவதற்காக வைக்கோல் கயிறும் சிவப்பு மிளகாய் வற்றலும் பரணில் தயாராக இருந்தன. வராத ஒவ்வொரு வருஷமும் மிளகாய் கிம்ச்சி ஊறுகாய்க்குப் போனது. நல்ல காரம்.

இனி டோ சாங்பில்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவரே மைக் பிடித்துச் சொல்லிவிடுவார்.

அமெரிக்காவுக்கு வேலைக்குப் போக நினைக்கும் நர்ஸுகளுக்கு மனித உடம்பின் ஆங்கிலப் பேர்களைச் சொல்லிக்கொடுக்கும் டியூஷன் நிலையம் அவருடையது. சந்தைக்கு நடுவில், இரண்டாவது மாடி. அவர் ஒரு கையில் மைக், ஒரு கையில் பிரம்பு வைத்துக்கொண்டு "க்ளாவிக்கிள்!" என்று பலகையில் ஒரு அடி அடித்தால், அறுபது நர்ஸுகளும் "காறை எலும்பு!" என்று திருப்பிக் கத்துவார்கள். ஜன்னல் கண்ணாடி அதிரும். கீழே கோழிக்கடைக்காரன் நெஞ்சா, தொடையா என்று கேட்காமல், "ஸ்டெர்னம் வேணுமா, ஃபீமர் வேணுமா?" என்று கேட்டுத்தான் கறி வெட்டுவான். பக்கத்துத் தையற்கடை நாய் "பட்டெல்லா" என்ற முட்டிச்சில்லின் பேர் காதில் விழுந்தால் முன்னங்காலைத் தூக்கிக் காட்டும். நான் பார்த்திருக்கிறேன்.

எலும்பு முடிந்தால் நரம்பு, நரம்பு முடிந்தால் பரம்பரை. ஜீன், குரோமோசோம், டாமினன்ட், ரிசெஸிவ் எல்லாம் சாங்பில்லுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் அந்தச் சொற்களை அவர் நிலையத்தின் மாடிப்படியைத் தாண்டி வீட்டுக்குக் கொண்டுவந்ததே கிடையாது. அர்த்தம் என்பது பரீட்சைக்கு. வீட்டில் அம்மா இருக்கிறாள்.

ஓக்ரான் தினமும் மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அந்த மாடிப்படி ஏறுபவள். பரம்பரைப் பாடத்தைக் கதவுக்கு வெளியே நின்று எத்தனையோ முறை கேட்டுவிட்டாள். வீட்டில் அதை எடுத்துச் சொன்னால் அதற்குப் பேர் மரபியல் இல்லை, எதிர்த்துப் பேசுவது. அதனால் சொல்லவில்லை. புத்தரின் மூக்கு தொண்டையில் இறங்கிய அந்த வாரம்தான் அவளுக்கு ஒரு யோசனை வந்தது.

"அத்தை" என்றாள், கிழவியின் முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே. "உங்க புள்ள பாடம் எடுக்கிறத ஊரே வந்து பாக்குது. பெத்தவங்க நீங்க ஒரு நாளாச்சும் பாக்க வேணாமா?"

"அந்தப் படி ஏற முடியாதேம்மா."

"நான் முதுகுல தூக்கிட்டுப் போறேன்."

மலையேற முடிந்த முட்டிக்கு மாடி ஏற முடியவில்லை. இருந்தாலும் ஓக்ரான் தூக்கிக்கொண்டுதான் போனாள். வெள்ளிக்கிழமை. முதல் வரிசையில் நாற்காலி. தாயைப் பார்த்ததும் சாங்பில்லுக்கு மார்பு விரிந்தது. அம்மாவுக்கும் புரிய வேண்டுமே என்று, அன்று ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லையும் சந்தைப் பேச்சில் விளக்கினார். படம் வேறு போட்டார்.

"நல்லா பாத்துக்கங்க! எக்ஸ் குரோமோசோம், ஒய் குரோமோசோம். அம்மாகிட்ட என்ன இருக்கு? எக்ஸ் மட்டும்தான். அவங்க எத்தன தடவ குடுத்தாலும் எக்ஸ்தான் குடுப்பாங்க, பாவம், வேற இல்ல. அப்பாகிட்ட ரெண்டும் இருக்கு. ஒய் குடுத்தா பையன், எக்ஸ் குடுத்தா பொண்ணு. அப்ப, பையனா பொண்ணான்னு முடிவு பண்றது யாரு?"

"அப்பா!" என்றார்கள் அறுபது பேரும்.

"காதுல விழல!"

"அப்பா!"

"அமெரிக்காவுக்குக் கேக்கணும்!"

"அப்பா!"

பிரம்பு பலகையில் விழுந்தது. குவாக் அம்மாள் கை தட்டினாள். மூன்றாவது தட்டில் கை அப்படியே நின்றுவிட்டது.

திரும்பும்போதும் மருமகளின் முதுகில்தான்; மீன்கடையைத் தாண்டினார்கள். பிறகு காதருகில் ஒரு குரல்.

"ஏம்மா, அவன் சொன்னது நெசமா?"

"உங்க புள்ள மைக்ல பொய் சொல்வாங்களா, அத்தை?"

குவாக் அம்மாளைக் குறைத்துப் பேசக் கூடாது. அவளுக்கு எழுத்து தெரியாது, ஆனால் கணக்கு தெரியும். மகன் சொன்னால் அது உண்மை. உண்மை என்றால் அதன்படி நடக்க வேண்டும். மறுநாள் காலை, சாம்பல் நிறக் கிண்ணம் மேசையின் வழக்கமான பக்கத்தில் இல்லை. செய்தித்தாளுக்கு முன்னால் இருந்தது.

"குடிப்பா" என்றாள்.

செய்தித்தாள் மடிந்தது. "என்னம்மா இது?"

"மூக்கு."

"இது அவளுக்குத்தான?"

"அவகிட்டதான் வேற இல்லையே, பாவம். நீதானடா சொன்ன. குடுக்கிறவன் நீ. மருந்த நோயாளி குடிக்கணுமா, பக்கத்து வீட்டுக்காரி குடிக்கணுமா? பதினோரு வருஷமா புத்தர் மூக்க ஆள் மாத்தி ஊத்திட்டேன். போனது போகட்டும், குடி."

"அம்மா, அது பாடம்மா!"

"பாடம்னா பொய்யா? அறுபது பொம்பளப் புள்ளைங்கள வச்சிக்கிட்டு, அமெரிக்கா வரைக்கும் கேக்கற மாதிரி பொய்யா சொன்ன?"

சாங்பில் மனைவியைப் பார்த்தார். அவள் சூப்பில் வெங்காயத்தாள் தூவிக்கொண்டிருந்தாள்.

"குடிச்சிடுங்க, யுன்ஜி அப்பா" என்றாள். "பெரியவங்க மனசு நோகக் கூடாது."

அவர் குடித்தார். பல் கரகரத்தது. அடுத்து உள்பாவாடை வந்தது. அதற்கு அவர் காட்டிய எதிர்ப்பைத் தெருவே கேட்டது. கடைசியில், பால் குடுத்த கதை, தகப்பன் செத்த பிறகு துணி துவைத்துப் படிக்க வைத்த கதை எல்லாம் சொல்லி அம்மா அழுததும், டியூஷன் நிலையத்தின் தலைவர் கோட்டு சூட்டுக்கு உள்ளே ரோஜா நிறத்தில் பூ வேலை செய்த உள்பாவாடையை அணிந்து வேலைக்குக் கிளம்பினார். பியோ அம்மாளின் இடுப்புக்கும் அவர் இடுப்புக்கும் பொருத்தம் நன்றாகவே இருந்தது. கயிறு தேவைப்படவில்லை.

அன்றைய முதல் சொல்லைப் பலகையின் உச்சியில் எழுதக் கையை உயர்த்தினார். கோட்டு மேலே ஏறியது. பூ வேலை வெளியே எட்டிப் பார்த்தது. பின்வரிசையில் ஒருத்தி மட்டும் மெதுவாக, "எங்க மாமியாரும் எனக்கு இதே மாதிரி ஒண்ணு குடுத்தாங்கடி" என்றாள். அவ்வளவுதான், நான்கு மாடிக்கும் சிரிப்பு கேட்டது. கோழிக்கடைக்காரன் கத்தியைக் கீழே வைத்தான்.

சாங்பில் பாடத்தைப் பாதியில் விட்டு வீட்டுக்கு வந்தார். காலணியைக் கழற்றும்போதே கத்தினார்.

"இது மூடநம்பிக்கை! காட்டுமிராண்டித்தனம்! எந்தக் காலத்துல இருக்கோம் நாம?"

"நேத்து வரைக்கும் எந்தக் காலத்துல இருந்தோம்?" என்று கேட்டாள் ஓக்ரான்.

அவருக்கு அது கேட்கவில்லை. "சிமெண்ட குடிச்சா என்ன ஆகும் தெரியுமாம்மா? கிட்னில கல்லு! ரீனல் கால்குலஸ்!"

அவருக்கு இரண்டு கிட்னி இருந்தது. ஓக்ரானுக்கும் அதே இடத்தில் அதே இரண்டுதான். ஆங்கிலப் பேரும் அதேதான். ஆனால் பதினோரு வருஷத்தில் ஒருநாளும் அந்தச் சொல் அந்த வீட்டுக்குத் தேவைப்பட்டிருக்கவில்லை.

குவாக் அம்மாள் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "எம்புள்ள வயித்துல கல்லா? ஐயோ, நானே என் கையால ஊத்திட்டேனே! எந்தப் பாவி கண்டுபுடிச்சா இந்த மருந்த?" மீதிப் பொடியைச் சாக்கடையில் கொட்டினாள். பரணில் இருந்த கயிற்றைக் குளிருக்கு அடுப்பில் போட்டாள். மூன்றாவது பிரசவப் பேச்சு அந்த மதியத்தோடு நின்றது. மருமகள் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொன்னபோது நிற்காதது, மகனுக்குக் கல் வரும் என்றதும் நின்றுவிட்டது.

புது வருஷத்தன்று உறவுக்காரர்கள் முன்னோர் பூசைக்கு வந்தார்கள். படையல் முடிந்து சூப் பரிமாறும்போது, சாங்பில்லின் சித்தப்பா வழக்கம்போல ஆரம்பித்தார்.

"அண்ணி, பேரன் எப்போ?"

"அதெல்லாம் அந்தக் காலம், தம்பி" என்றாள் குவாக் அம்மாள் மிடுக்காக. "எம்புள்ள அறிவியல் சொல்லிக்குடுக்கிறவன். இந்த வீட்டுல மூடநம்பிக்கைக்கு இடமில்ல."

"அடேங்கப்பா! படிச்ச வீடுன்னா இது!" சித்தப்பா சாங்பில்லின் முதுகில் தட்டினார். எல்லோரும் அவர் கிண்ணத்தை நிரப்பினார்கள். அவரும் அடக்கமாகத் தலை குனிந்து ஏற்றுக்கொண்டார். சீர்திருத்தவாதிகள் அப்படித்தான் இருப்பார்கள். மூன்றாவது கிண்ணத்தில் அவருக்கு மனம் இளகியது.

"இருந்தாலும், சித்தப்பா, பூசை பண்ண ஒரு பையன் இருந்திருந்தா..."

ஓக்ரான் கரண்டியைக் கீழே வைத்தாள். எழுந்தாள். பின்கட்டுக்குப் போனாள்.

சற்று நேரத்தில் கண்ணாடிக் கதவு வழியாக எல்லோருக்கும் தெரிந்தது: கொடியில் ரோஜா நிறத்தில் ஒரு உள்பாவாடை. ஈரம். குளிரில் அது விறைத்து, உள்ளே ஆள் நிற்பது போல நின்றது.

"இந்தப் பனியில யாரு துணி துவைக்கிறது?" என்றார் சித்தப்பா. "யாரோடதும்மா அது?"

"யுன்ஜி அப்பாவக் கேளுங்க, சித்தப்பா" என்றாள் ஓக்ரான் உள்ளே வந்து, கையைத் துடைத்துக்கொண்டே.

"சூப் ஆறுது" என்றார் சாங்பில். "சாப்பிடுங்க, சாப்பிடுங்க."

"ஆமா, ஆறுது" என்றாள் குவாக் அம்மாளும்.

அன்றிலிருந்து, அந்த வீட்டில் பையன் பேச்சு எழுந்த நாளெல்லாம் அந்தப் பாவாடை கொடியில் காய்ந்தது. ஐந்து மகன்களால் பியோ அம்மாளுக்கு ஆகாத உதவி, அவள் பாவாடையால் ஓக்ரானுக்கு ஆனது. ஊர்க்காரர்கள் இன்னும் சாங்பில்லின் முற்போக்கைத்தான் சொல்லிச் சொல்லிப் புகழ்கிறார்கள். ஹூநாமின் பேரை மாற்ற வேண்டும் என்று மட்டும் அந்த முற்போக்குக்குத் தோன்றவில்லை.

அந்த ஹூநாம்தான் ஒருநாள் கிளிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏம்மா, இத யாருமே போடறதில்லையே. எதுக்கு இத்தன தடவ துவைக்கிற?"

ஓக்ரான் பாவாடையை உதறி, ஓரத்தை இழுத்து மாட்டினாள்.

"அழுக்கு இன்னும் போகலம்மா" என்றாள்.