சீமைப்பலா மரத்தடியிலிருந்து ஒரு படம்

…பன்றிக்குட்டி படத்தில் நன்றாகத்தான் விழுந்திருக்கிறது, மூக்கில் ஒட்டிய சேறு வரைக்கும் தெரிகிறது, அப்படியானால் கேமராவைக் குறை சொல்ல முடியாது, லூபே அண்ணியின் கையைத்தான் சொல்ல வேண்டும், நேற்று அவள் எடுத்ததில் ஒன்றில் அண்ணனுக்குத் தலையே இல்லை, இன்னொன்றில் அவள் கட்டைவிரல், வீடியோவிலோ கூரையும் அவள் மூச்சு வாங்குவதும்தான். கேட்டால், "எனக்கு மீன் வெட்டத்தான் தெரியும், நீயும் உங்க அண்ணனும் மூஞ்சி பாத்துப் பேசித் தொலைச்சிருந்தா எனக்கு இந்த வேலை வருமா?" என்று என்மேலேயே பாய்கிறாள். ஆக்லாந்தில் அண்ணன் மகள் அனா அதைப் பார்த்துவிட்டு அழுதாள், "அத்தை, அப்பா மூஞ்சி தெரியணும்னுதானே புதுப் போன் அனுப்பினேன், நீயே எடு அத்தை." பாவம், விசா முடிந்துபோனவள், இங்கே வந்தால் திரும்பிப் போக முடியாது, அப்பாவுக்கோ ஆஸ்பத்திரியில் கையை விரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்… நீயே எடு என்கிறாள், அண்ணன் படுத்திருக்கும் அறைக்குள் தங்கை காலெடுத்து வைப்பதா, டோங்காவில் எந்த வீட்டில் நடக்கும், அங்கே போனதும் இதுகூடவா மறந்துபோகும்?

அதனால்தான் இந்த மரத்தடி, முற்றத்தின் இந்தக் கோடி. கோயில் சிலுவையைப் பெரிதாக்கிப் பார்த்தேன், அதன்மேல் உட்கார்ந்த பறவை தெரிந்தது, பாறைத்திட்டில் அலை உடைவதை வீடியோ எடுத்தேன், சத்தம்கூடத் தெளிவு, இனி என்ன சோதிக்க… நான் வயதுக்கு வந்த வருஷம் அண்ணன் பாயைச் சுருட்டிக்கொண்டு பையன்களின் குடிசைக்குப் போனார், அதோடு சரி, நான் நுழைந்தால் அவர் எழுந்துவிடுவார், அவர் நுழைந்தால் நான். பிடித்ததில் நல்ல மீன் என் சமையலறை வாசலில் கிடக்கும், ஆள் இருக்கமாட்டார். செருப்புச் சத்தம் தெரியும், இருமல் தெரியும், முகம்? எனக்குத் தெரிந்த முகத்தில் ஒரு பல் விழுந்திருக்கும், அது பையன் முகம், அதற்கு மீசை வைத்துப் பார்க்கவும் எனக்குத் தெரியவில்லையே.

அண்ணி அவரைத் திண்டு வைத்து வராந்தாவில் சாய்த்திருக்கிறாள். எழுந்திருக்க முடியாத மனுஷனுக்கு எதற்குக் கோயில் சட்டை, எதற்கு மரியாதைக்கு இடுப்பில் கட்டும் பாய், இந்த வெயிலில்? தூரத்திலிருந்து பார்த்தால் பார்த்ததாகுமா, நான் எங்கே பார்க்கிறேன், போன் அல்லவா பார்க்கிறது… விரலை விரித்தேன், வராந்தா கிட்டே வந்தது, இன்னும் விரித்தேன், ஐயோ, இதுவா மாகா அண்ணன், கன்னம் ஒட்டி, கண் மஞ்சளாகி, புருவம்கூட நரைத்துப்போய், இத்தனை வயதாகிவிட்டதை எனக்கு யாருமே சொல்லவில்லையே. பார்க்கிறேன் என்று தெரிந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார், அதுதான் முறை. அவர் திருப்பினார், என் பக்கமாக. மோவாயைக் கொஞ்சம் தூக்கி, கண் சிமிட்டாமல். அழுத்தினேன்.

அண்ணி முற்றத்தைத் தாண்டி வந்தாள். "வெளிச்சம் போதுமான்னு உங்க அண்ணன் கேக்கச் சொன்னாரு." எடுத்ததைத் திறந்து பார்த்தேன். படம் தெளிவாக இருந்தது, ஒவ்வொரு நரைமுடியும் எண்ணலாம் போல.

"சரியா வரலைன்னு சொல்லுங்க அண்ணி, இன்னொரு தடவை எடுக்கணும்." அவள் எட்டி எட்டிப் படத்தைப் பார்த்தாள், பிறகு என்னை. திரும்பி நடந்தாள். அண்ணன் இன்னும் அப்படியே இருக்கிறார், கழுத்து வலிக்காதா… அனாவுக்கு ஒன்று போதுமே, பிறகு நான் யாருக்காகக் கேட்டேன்?