இடது தோளில் ஒட்டிய டேப்

டேப் ஒட்டிய பிறகுதான் இசோனாமிக்கு மூச்சே வந்தது. முந்தாநாள் சுமோ மேடையிலிருந்து உருண்டு விழுந்ததில் வலது தோளில் சரியான அடி. சோற்றுக் கிண்ணத்தைக்கூடத் தூக்க முடியாமல் தவித்தான். பயிற்சிக் கூடத்தில் மூத்தவனான தகுமா, ரப்பர் போல இழுபடும் அந்த டேப்பைத் தோளைச் சுற்றி இழுத்து ஒட்டியதும், அடடா, வலி பாதியாகக் குறைந்தது.

ஆனால் ஒரு சங்கடம். மேடையில் இடுப்புக் கச்சையைத் தவிர உடம்பில் பொட்டுத்துணி கிடையாது. டேப்போடு போய் நின்றால், எங்கே அடிக்க வேண்டும் என்று எதிராளிக்குத் தானே காட்டிக்கொடுத்தது போல. அன்று ஹதாமோரியோடு மோதும் ஆட்டத்தில் ஜெயித்தால் சம்பளம் வாங்கும் வீரனாகிவிடலாம். தோற்றால் மூட்டை கட்டிக்கொண்டு அப்பாவின் நூடுல்ஸ் கடைக்குப் போக வேண்டியதுதான். வாத்தியார் கறாராகச் சொல்லிவிட்டார்.

"அண்ணே, இதப் பிச்சு எடுங்க. இடது தோள்ல ஒட்டுங்க."

"நல்ல தோள்லயா? கிறுக்குப் புடிச்சிருக்காடா உனக்கு?"

"ஹதாமோரி கண்ணு மண்ணு தெரியாம மோதுறவன். டேப்பப் பாத்தா அங்கதான் வருவான். வரட்டுமே!"

தகுமா தலையில் அடித்துக்கொண்டு பிய்த்தான். போன வலி வட்டியோடு திரும்பி வந்தது. இசோனாமி பல்லைக் கடித்துக்கொண்டான். தன் மூளையை நினைத்துப் பெருமை வேறு.

மேடையில் இருவரும் எதிரெதிரே குந்தினார்கள். ஹதாமோரியின் பார்வை இடது தோளிலேயே நின்றது. மாட்டினான்டா பயல் என்று இசோனாமி உள்ளுக்குள் துள்ளினான்.

அடுத்த நொடி, வெறும் தோளாக இருந்த வலது பக்கத்தில் இடி விழுந்தது. இசோனாமி பறந்து போய், கீழே உட்கார்ந்திருந்த நடுவரின் மடியில் விழுந்தான். அந்தப் பாவி மனுஷனால் கத்தக்கூட முடியவில்லை.

உடை மாற்றும் அறை வாசலுக்கு ஹதாமோரி ஓடி வந்து இடுப்பு வரை குனிந்தான்.

"மன்னிச்சிருங்கண்ணே. டேப்பு மேலயே மோதுடான்னுதான் எங்க வாத்தியார் சொல்லி அனுப்புனாரு. எனக்கு மனசு வரல. அடிபட்ட எடத்துல அடிச்சு ஜெயிச்சா அது ஒரு ஜெயமாண்ணே? அதான் நல்ல தோளாப் பாத்து மோதுனேன்."

சிரிப்பை அடக்க முடியாமல் தகுமா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

இசோனாமி வலது கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, முறைப்படி பதிலுக்குக் குனிந்தான்.

"ஒனக்குப் பெரிய மனசு, தம்பி," என்றான். வேறென்ன சொல்ல முடியும்?