டொலமைட் போட்ட குளம்

"நீங்க பாத்துக்கிற தண்ணியில ஒரு தடவ என்னயும் எறக்கிவிடுங்களேன்" என்று கல்யாணமான புதிதில் வினோதா கேட்டாள்.

"அது வெள்ளக்காரங்க குளிக்கிற தண்ணி, புள்ள."

"ஏன், நான் எறங்குனா சாயம் போகுமாக்கும்?"

"சரி, மெனேஜர்கிட்ட கேக்குறேன்."

ஆறு வருசமாகியும் சுதாகரன் கேட்கவில்லை. மஸ்கெலியாவுக்கு மேலே, ஹோட்டலாக மாறிய துரை பங்களாவில் நீச்சல் குளத்தைப் பராமரிப்பது அவன் வேலை. மெனேஜர் பிரதாப்பைக் கண்டாலே அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். தேயிலைக் கொழுந்துக் கூடையோடு வேலியோரம் போகும் வினோதா முதலில் குளத்தைப் பார்ப்பாள். பிறகு அவனைப் பார்ப்பாள். அந்த இரண்டாவது பார்வைக்குப் பயந்து அவன் வாளியைத் தேடுவான்.

மார்கழியில் குளிக்க ஆளில்லை. விடாமல் பெய்த மழை சேர்ந்து, தண்ணீரில் அமிலம் கூடிக் குளம் புளித்துப்போனது. சோதனைக் குழாயில் இளஞ்சிவப்பாக வரவேண்டிய நிறம் மஞ்சளாக நின்றது. போடவேண்டிய மருந்தும் தீர்ந்திருந்தது. குளத்து வேலைக்கு வருமுன் எட்டு வருசம் தேயிலை மலையில் உழைத்தவன் அவன். மண் புளித்தால் என்ன போடுவதென்று தெரியாதா? எஸ்டேட் ஸ்டோரிலிருந்து டொலமைட் என்ற கல்மாவை இரண்டு மூட்டை தூக்கிவந்து, செடிக்குத் தூவுவதுபோலப் பக்குவமாக வீசினான்.

விடிந்தபோது குளம் பாலாக நின்றது.

"என்னப்பா, பால்கோவா கிண்டப் போறியா?" என்றார் சமையல்காரர் சிவசாமி.

பிரதாப் சிரிக்கவில்லை. "என்னத்தப் போட்ட?"

"டொலமைட்டுங்க சேர். மண்ணு புளிச்சா..."

"இதுல என்ன தேயிலையா நட்டிருக்கோம்? சனிக்கிழம கெஸ்ட் வர்றாங்க!"

கொழும்பில் குளத்து மருந்து விற்கும் கம்பெனிக்கு ஃபோன் போட்டுக் கேட்டார்கள். மாவு படியப் படிகாரம், புளிப்புப் போக அப்பச் சோடா என்று பதில் வந்தது. ஹட்டன் கடைகளில் இருந்த அப்பச் சோடா முழுவதும் குளத்துக்குள் போனது.

"ஊர்ல ஒருத்தரும் அப்பம் சுட முடியாம பண்ணிட்டியே!" என்று சிவசாமி தலையில் அடித்துக்கொண்டார்.

குளிரில் மாவு படியப் படிய அள்ளி முடிக்க மூன்று நாள் எடுத்தது. சுதாகரன் பல் கிட்டிக்க இடுப்பளவு தண்ணீரில் நின்று அடியைத் தேய்த்தான். வெள்ளிக்கிழமை மாலை அடித்தளத்து நீலக் கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. குழாயிலும் இளஞ்சிவப்பு வந்தது.

பிரதாப்புக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. "யாராவது எறங்கிக் குளிச்சுக் காட்டணும். ஒடம்பு அரிக்கலன்னாதான் கெஸ்ட்ட விடுவேன்."

"எனக்குத் தடிமன் சேர், மூக்கு ஒழுகுது" என்று சிவசாமி பின்வாங்கினார்.

வேலைவிட்டு வந்த வினோதா வேலியோரம் நின்றிருந்தாள். சுதாகரன் இந்தத் தடவை வாளியைத் தேடவில்லை. பிரதாப் பக்கம் திரும்பினான்.

"சேர், மூணு நாளா நான் உள்ளதாங்க நின்னேன், ஒண்ணும் செய்யல. எஞ் சம்சாரம் ஆறு வருசமா இதுல குளிக்கணும்னு கேட்டுக்கிட்டே இருக்கா. அவ எறங்கட்டுங்களா?"